சத்தமில்லாமல் சுழன்ற விசிறி

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று மேலூர் அரிசி ஆலையில் என் விசிறி ஓடியது. அந்த நினைப்பில் தூக்கமே வரவில்லை.

நெல் காயவைக்கும் இயந்திரத்துக்கு எங்கள் கம்பெனி கொடுத்திருந்த பழைய விசிறி தெருவே அதிரும்படி கத்தியது. அதற்கு மாற்றாகத் தரும் புதிதும் கத்தினால் இரண்டையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆலை முதலாளி சொல்லிவிட்டார். புதிய பிளேடுகளைக் கணினியில் வரைந்தது நான். மென்பொருளில் புள்ளிகளை இழுத்து இழுத்து, ஒவ்வொரு பிளேடையும் அடியிலிருந்து நுனிவரை கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு முறுக்கு எதுக்கும்மா? பேசாம வெளியூர்ல குடுத்து வரைஞ்சு வாங்கிக்கலாம்" என்றார். அடியில் ஒரு கோணம், நுனியில் வேறு கோணம், காற்று அப்படித்தான் வருகிறது சார் என்று சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் பயம்தான்.

இன்று சுவிட்சைப் போட்டதும் மெல்லிய இரைச்சல் மட்டுமே கேட்டது. முதலாளி முகம் சுளித்து, என்னோடு வந்திருந்த மேனேஜரைப் பார்த்தார்.

"என்னண்ணே, ஓடுதா இல்லையா?"

"உங்க துண்டைக் காட்டிப் பாருங்கண்ணே" என்றேன் நான்.

காற்றை இழுக்கும் பக்கத்துக் கம்பி வலையருகே துண்டை நீட்டினார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வலையோடு ஒட்டியது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுத்தார்.

"ஆத்தாடி! சத்தமே இல்லாம அம்புட்டு காத்தா!"

திரும்பி வரும்போது, திருநகர் தாண்டியதும் மேனேஜர், "அடுத்து பெரிய விசிறி ஒண்ணு இருக்கு, அதை..." என்று இழுத்தார்.

"நான்தான் வரைவேன் சார்."

சிரித்துவிட்டார். அந்தப் பிளேடின் முதல் வளைவு இப்போதே கண்முன் நிற்கிறது.