காற்று ஓட்டையை அடைத்தவன்

ஆடி, வெள்ளிக்கிழமை இரவு

இன்று வீட்டில் நான், மருமகள் அஞ்சலை, பேத்தி தேவி, என் தம்பி தேசிங்கு. பழைய கம்ப்யூட்டர் இன்றும் நடுநடுவே அசையாமல் நின்றுவிட்டது. நாளை அதில்தான் தேவிக்கு வேலைப் பரீட்சை.

"தேவிதான் பாட்டு கேட்டுக்கினே கெடுத்துட்டா. பழைய இரும்புக்குப் போட்ரு அக்கா," என்றான் தேசிங்கு. பிள்ளை அழுதுவிட்டாள்.

பிறகு அவளே பெட்டியைத் தொட்டாள். "ஆயா, இன்னாமா கொதிக்குது பாரு!"

பின்பக்கக் காற்று ஓட்டைகளைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்திருந்தது. பக்கத்து இரும்புக் கம்பெனிக் கரி உள்ளே போகக்கூடாதென்று பொங்கலுக்கு வந்தபோது ஒட்டியவன் தேசிங்குதான். எனக்கா மறக்கும்! அதற்குப் பிறகுதான் இந்தப் பேஜாரு. பிய்த்து எறிந்தோம். சாயங்காலம் முழுக்க ஒருமுறைகூட நிற்கவில்லை! நானும் அஞ்சலையும் கைதட்டினோம்.

அவன் டீ கேட்டான். தப்பு தன்னுடையது என்று தேவியிடம் ஒப்புக்கொள்ளவே இல்லை. அவள் சிரித்துக்கொண்டே டீயும் கொடுத்தாள். கூடப்பிறந்தவனே ஆனாலும் நான் மன்னிக்க மாட்டேன் தேசிங்கை.