இடது கைக்கு வந்த பாஸ்

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்று. விடியும்போதே தலையணை சூடு. மருந்துக்கடையில் இருந்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று செத்துவிட்டது. மற்றதை முதலாளி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

செய்ய வேண்டியவை:
சின்தசைசருக்கு வேறு பிளக் (வாவிக் காற்றில் கறள் பிடித்துத் துருவாகிவிட்டது).
தையல்காரியிடம் சட்டை.
மீன். வாங்கவில்லை. ஒருத்திக்கு மீன் கழுவ அலுப்பு. கருவாடு போதும்.

மத்தியானம் தாசன் அண்ணன் அழைத்தார். எங்கள் இசைக்குழுவின் தலைவர், டிரம்ஸும் அவர்தான். என் புருசன் அன்ரன் கட்டாருக்குப் போனபின் அவர் இடத்தில் பாஸ் கிற்றார் வாசித்த ஜெயத்துக்கு அம்பாறைக்கு வேலை மாற்றமாம். 26ஆம் திகதி வெல்லாவெளியில் நிகழ்ச்சி. வேறு ஆள் இல்லை.

"ஜெனி, உன்ட இடது கை சும்மாதானே கிடக்கு. அந்தப் பெட்டியில ஒரு பாஸ் செய்து வாசிக்க ஏலாதா கா?"

சும்மா கிடக்கிறதாம். சமாளிப்பன் என்று சொல்லி வைத்தேன்.

பின்னேரம் அன்ரன். வேலை முடிந்து பஸ்ஸுக்குள் இருந்து பேசினார், பின்னால் யாரோ ஹிந்தியில் சண்டை. சாப்பாடு, சூடு, கால்வலி. மறுகா விசயத்துக்கு வந்தார்.

"கொம்பனி இன்னும் ரெண்டு வருசத்துக்குச் சைன் வைக்கச் சொல்லுறான். மாசம் முடியிறதுக்குள்ள சொல்லணும். வெல்லாவெளி ரெக்கோடிங்க அனுப்பு. நான் இல்லாம குழு ஓடுதெண்டா நிக்கிறன். ஓடல்லயெண்டா வாறன். குழு விழுந்தா வாறனெண்டு தாசனுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்."

ஓம் என்றேன். அவர் திரும்பி வருவதற்கு அந்த வாக்கு ஒன்றுதான் காரணமாக இருக்கிறது. நான் காரணம் ஆகவில்லை, ஏனென்றால் எதைக் கேட்டாலும் சமாளிப்பன் என்று சொல்கிற ஆள் நான்.

ஆக, நான் நன்றாக வாசித்தால் என் புருசன் வரமாட்டார். எழுதிப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. கொஞ்சம்தான்.

ஜூலை 15, செவ்வாய்

மாமாங்கக் கோயிலில் கொடியேறிவிட்டது. ஒலிபெருக்கி எங்கள் அமிர்தகழி முழுவதும். கடலை வண்டிகள், வளையல் கடைகள், சைக்கிளை உருட்டித்தான் வீட்டுக்கு வர முடிந்தது.

பிளக் மாற்றினேன். விரலில் ஒரு சின்னச் சுள்.

சின்தசைசர் எங்கள் வாயில் 'பெட்டி'. மேலே முழுக்கக் குமிழ்கள். பழைய காலத்துப் பெட்டிகளில் உண்மையாகவே மின்சாரம் முனகும். இதற்குள் அப்படி ஒன்றும் இல்லை, கணக்குப் போட்டு அந்த முனகலைப் பாவனை செய்கிறது. கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வாசிப்பவளுக்கும் பாதி நாள் தெரியாது.

பாஸ் செய்தது இப்படி: ஓர் ஒலி அலை, அதற்குக் கீழே இன்னொன்று. வடிகட்டிக் குமிழைப் பாதிக்கு மேல் மூடக் கீச்சு போய் அடிச்சத்தம் மட்டும் மிஞ்சியது. கட்டைகளை இரண்டாகப் பிரித்தேன், இடப்பக்கம் பாஸ், வலப்பக்கம் வழமையானவை. சேமிக்கப் போனால் பெயர் கேட்கும். 'பாஸ்' என்றே போட்டேன். அடித்தவுடன் விழுகிற, சுத்தமான பாஸ். சோப்புப் போட்டுக் கழுவினது மாதிரி.

இடது கை பழகவில்லை. வலது கை பாடினால் இடது கையும் பாடப் போகிறது.

ஜூலை 17, வியாழன்

கடையில் ஒரு கிழவர்: "மகள், போன தரம் தந்த குளிசை வெள்ள, இது மஞ்சள், அப்ப நோயும் மாறிட்டா?" கொம்பனி மாறிவிட்டது, மருந்து அதே என்றேன். நம்பவில்லை. வெள்ளையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டில் பயிற்சி. கோயில் ஒலிபெருக்கிக்குள் என் பாஸ் எனக்கே கேட்கவில்லை. கட்டையில் கன்னத்தை வைத்து அதிர்வைப் பார்த்தேன். யாராவது கண்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

ஒரு யோசனையும் வந்தது. பதிவு செய்கிற அன்று மோசமாக வாசித்தால்? நாலு பாட்டில் சுருதி பிசகினால் போதும். வாசித்துப் பார்த்தேன், வேண்டுமென்றே. ஒரு பாட்டு முடியுமுன் விரல் தானாகச் சரிப் பக்கம் போய்விட்டது. எனக்கு அது வராது.

ஜூலை 20, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து செங்கலடிக்கு. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. கொண்டக்டர்: "அக்கா, அது என்ன, பிணப்பெட்டியா?" வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்.

தாசன் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. பாடகர் ரிபாஸ் ஏறாவூரில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். முதல் பாட்டே குலைந்தது. இரண்டாவதும். என் பாஸ் சரியான இடத்தில் விழுகிறது, தாசன் அண்ணனின் கால் டிரம் உதை அதற்குப் பின்னால் வருகிறது, ரிபாஸ் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"நீ முந்துறாய் ஜெனி."

"இல்ல அண்ணன், நான் நேரத்துக்குத்தான்."

போனில் தாளத் துடிப்பைப் போட்டுப் பார்த்தோம். நான் சரி. மற்ற எல்லோரும் ஒரு நூல் பிந்தி. தாசன் அண்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப நாம ஆருக்குக் காக்கிறம்?"

ரிபாஸ்தான் முதலில் சிரித்தார். அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள். "அன்ரன் காக்காவுக்குத்தான். அவரு கட்டார்ல இரிக்காரு, நாம இஞ்ச இன்னும் அவருக்கு நிண்டு குடுக்கிறம்."

உண்மை. அன்ரனின் பாஸ் எப்போதும் பிந்தித்தான் விழும். பிழை என்று சொல்ல முடியாது, வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவது மாதிரி. வருடக் கணக்கில் எல்லோரும் அதற்கு இடம் விட்டு வாசித்திருக்கிறோம். ஜெயம் வந்தபோதும் அவனை அறியாமலே அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டோம். என் பெட்டிக்கு மட்டும் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம். அவர் இல்லாதது நன்றாக உறைத்தது, இத்தனை நாளில் முதல் தரம்.

ஜூலை 22, செவ்வாய்

கடை அரை நாள். முதலாளிக்குக் கோயில் கடமை.

பாஸைத் திருத்தினேன். சத்தம் எழும்பும் வேகத்துக்கு ஒரு குமிழ் உண்டு. அதை மயிரளவு திருப்பினால் அடித்தவுடன் விழாமல் கொஞ்சம் தயங்கி எழும்பும். இரண்டு அலைகளையும் ஒன்றிலிருந்து மற்றதைச் சற்று விலக்கினேன், தடித்த விரல் கம்பியில் உரசுகிற கரகரப்பு வந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற வேலை அவருக்குப் பிடிக்கும், அதையும் வைத்தேன்.

வாசித்தேன். அன்ரன்.

உடனே பெட்டியை நிறுத்திவிட்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திரும்பப் போட்டால் பழைய சோப்புப் பாஸ். சேமிக்காமல் நிறுத்தினால் திருத்தியது எல்லாம் போய்விடும் என்பது தெரியாதவள் அல்ல. மறுபடி முதலில் இருந்து திருப்பினேன். இந்தத் தரம் சேமிக்கப் போனேன். பெயர் கேட்டது. எழுத்து நிற்கிற இடத்தில் கோடு மின்னி மின்னி நின்றது. பெயர் கொடுக்காமல், சேமிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் கையால் செய்துகொள்ளலாம், ஐந்தாறு குமிழ்தானே.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தீர்த்தம். ஈர வேட்டி, ஈரச் சேலை, பிள்ளையைத் தொலைத்தவர்களின் அறிவித்தல்கள். "சிவப்புச் சட்டை, பெயர் கேட்டா சொல்ல மாட்டார், அழுவார்." எங்கள் வீட்டுக் கிணற்றடியில் முன்பின் தெரியாத நாலு பேர் கால் கழுவினார்கள்.

குமிழ்களைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்ப வருகிறது. தாசன் அண்ணனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "ஓம் கா. அவன்தான்." பிறகு வெல்லாவெளிக்கு வான் எத்தனை மணிக்கு என்று சொன்னார்.

ஜூலை 26, சனி

வெல்லாவெளி. விளையாட்டுக் கழக மைதானம். வழி நெடுக வட்டை, வயல் எல்லாம் அறுவடைக்குக் கிடக்கிறது. கழகத் தலைவர் முதல் வார்த்தையே: "சுறுக்கா முடிச்சிருங்க, யானை வரும்." இரண்டாவது: "பாஸக் கூட்டி விடுங்க, சத்தத்துக்குக் கிட்ட வராது." என் பாஸுக்கு இப்படியும் ஒரு வேலை.

மேடையில் குமிழ்களைத் திருப்பி அன்ரனைச் செய்து வைத்தேன். ஒத்திகையில் குலைந்த முதல் பாட்டு இன்று வழுக்கிக்கொண்டு போனது. எல்லோரும் அவரவர் பழைய இடத்தில் வந்து நின்றார்கள். தாசன் அண்ணன் என்னைப் பார்க்காமலே தலையாட்டினார். முன்வரிசையில் ஒரு மனுசி பிள்ளையைத் தோளில் போட்டுத் தாளத்துக்குத் தட்டினாள், அதுவும் பிந்தித்தான். எனக்குச் சந்தோசம். அதை மறைக்க என்ன இருக்கிறது.

ஆறாவது பாட்டு நடுவில் எல்லாம் இருட்டு. தேத்தண்ணிக் கடைக்காரர் ஜெனரேற்றரில் தண்ணி கொதிக்க வைக்கிற மின்கேத்தலைச் செருகினாராம். விசில், கூக்குரல். "கேத்தலக் கழட்டுடா!" வெளிச்சம் வந்து, பெட்டி கண்ணைத் திறந்து, நான் கட்டையை அழுத்த, சோப்புப் பாஸ்.

குமிழ்களுக்குக் கையைக் கொண்டுபோக நேரம் தரவில்லை, தாசன் அண்ணன் குச்சியைத் தட்டித் தொடங்கிவிட்டார். முதல் வரி தடுமாறியது. பிறகு அவர் தன் காலை முந்தி வைத்தார், ரிபாஸ் மூச்சுப் பிடிப்பதை விட்டார், வேகம் ஏறியது. கடைசிவரை அப்படியே. சனம் ஆடியது. பாட்டு முடிந்த இடைவெளிகளில் நான் நினைத்திருந்தால் அன்ரனைத் திரும்பச் செய்திருக்கலாம். சனம் ஆடும்போது தொடப் பயமாக இருந்தது.

யானை வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நான் எழும்ப முன்னமே தாசன் அண்ணன் பதிவை அனுப்பிவிட்டார். பூசைக்குப் போய் வரும் வழியில் அன்ரனின் குரல் செய்தி. ஆலமரத்தடியில் நின்று கேட்டேன்.

"ஜெனி, முதல் பாதி என்ன அது, பாஸ் கால இழுத்து இழுத்து வருது. நித்திரையா? கரண்ட் போனாப் பிறகுதான் சோக்கு. நேரத்துக்கு விழுது. இந்தக் குழுவா இதெண்டு நினைச்சன். அதையே வைச்சிக்க. அப்ப பயமில்ல, நான் சைன் வைக்கிறன்."

சரி என்று அனுப்பினேன். வேறென்ன.

ஜூலை 28, திங்கள்

கோபம். காலையில் பல் துலக்கும்போது தொடங்கி, கடை பூட்டும்வரை. அவரை அச்சு அசலாகச் செய்து மேடையில் உட்கார வைக்கிறேன், நித்திரையா என்று கேட்கிறார்.

ஒரு பெண்ணுக்கு இருமல் பாணிக்குப் பதிலாக நெஞ்சுக்குப் பூசுகிற தைலத்தை எடுத்து நீட்டினேன். முதலாளி கண்டுவிட்டார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். நல்ல மனிதர்தான்.

ஜூலை 30, புதன்

காற்று கொஞ்சம் விழுந்திருக்கிறது. வாவி தட்டையாகக் கிடக்கிறது.

அன்ரனை நானே அழைத்தேன். நாளை அவர் சைன் வைக்கக் கடைசி நாள். பேசாமல் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குமிழ்களைத் திருப்பி வாசித்தேன்.

"இதுதானே முதல் பாதி."

"ஓம். இது நீங்க."

"என்ன நான்?"

"நீங்க வாசிக்கிற மாதிரிச் செய்தது. நீங்க பிந்தித்தான் வாசிப்பீங்க. நாங்க எல்லாரும் உங்களுக்கு நிண்டு குடுத்து வாசிச்சுப் பழகிட்டம்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"ஆரும் சொல்லல்லயே."

"சொல்ல என்ன இருக்கு."

பின்னால் பஸ் கதவு திறந்து மூடுகிற சத்தம். இறங்க வேண்டிய இடம் தாண்டியிருக்கும்.

"அப்ப நான் இல்லாட்டித்தான் குழு நல்லா ஓடுது."

"ஓம், ஓடுது. நல்லாத்தான் ஓடுது."

"நான் வந்தா மறுகா எல்லாம் பிந்துமே ஜெனி."

சமாளிப்பன் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்கு ஏலாது. வாங்க."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கடைசியில் யார் வைத்தது என்று தெரியாது.

ஜூலை 31, வியாழன்

மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. மருந்துப் பெட்டிகளைத் திகதி பார்த்து அடுக்கினேன், தேவையில்லாமல் இரண்டு தரம்.

கடை பூட்டும்போது வந்தது. "சைன் வைக்கல்ல. அடுத்த மாசக் கடைசியில ஊருக்கு வாற பிளேன் ரிக்கற்."

வரும் வழியில் மீன் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டு, குமிழ்களைத் திருப்பி, சேமித்தேன். பெயர் கேட்டது. அவர் பெயரைக் கொடுத்தேன்.

தாசன் அண்ணன் அழைத்தார், அவருக்கும் செய்தி போயிருக்கிறது. அன்ரன் வருமுன் ஒரு கலியாண வீடு இருக்கிறதாம், பாஸ் என்னுடையதுதான்.

"எதைப் போடப் போறாய்? நேரத்துக்கு வாறதா, பிந்தி வாறதா?"

"பிந்தி வாறது," என்றேன்.