பஞ்சுக் குச்சியில் வந்த அம்மா

பினாங்கு, 3.3.2025

அன்புள்ள அம்மா,

நலம். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

நான் என்னதான் படிக்கிறேன் என்று கேட்டீர்களே. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்ற நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துகள் மாறி மாறி வந்து, உடம்பு செய்ய வேண்டியதை எழுதி வைத்திருக்கின்றன. வேண்டிய பகுதியை ஆர்என்ஏ படியெடுத்துக்கொண்டு போகும். அதன்படி புரதம் உருவாகும். எனக்குப் பாதி உங்களிடமிருந்து வந்தது, பாதி அப்பாவிடமிருந்து.

எங்கள் செய்முறைக்கு அம்மா, பிள்ளை இருவருடையதையும் ஒப்பிட வேண்டும். உறையிலுள்ள பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து, காயவைத்து அனுப்புங்கள். வழக்கம்போல் மறந்துவிடாதீர்கள்!

அன்பு மகள்,
தினேஸ்வரி


புந்தோங், 24.3.2025

அன்பு தினேஸ்,

நான் அனுப்பிய குச்சியில் இருப்பது என் எச்சில் இல்லை. புஷ்பலதா சித்தியுடையது.

பாதி என்னிடமிருந்து வந்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பயந்துபோனேன். நான் சோதித்துப் பிரிக்கும் கையுறைத் தொழிற்சாலையில் அன்று ஓட்டைக் கையுறைகளையெல்லாம் நல்லதென்று தள்ளிவிட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாளே சிம்பாங் பூலாய்க்குப் போய்ச் சித்தியிடம் வாங்கிவந்தேன்.

உன்னைப் பெற்றவள் அவள்தான். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடமாகியும் பிள்ளையில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் நீ பிறந்த அன்றே, "அக்கா, நீயே வெச்சுக்க லா, எனக்குத்தான் ரெண்டு இருக்கே" என்று என் மடியில் போட்டாள். பிறப்புப் பத்திரத்துக்கும் என் பெயரையே கொடுத்தோம்.

உன் பாடத்திலும் பொய்யைக் கலந்துவிட்டேனே என்று மனசு அறுக்கிறது. அதனால் சொல்லிவிட்டேன்.

விமலா


பினாங்கு, 2.4.2025

அம்மா,

எப்போதும் 'உன் அம்மா' என்றுதான் கடிதத்தை முடிப்பீர்கள். இந்த முறை வெறும் 'விமலா'. அதைப் பார்த்துத்தான் அழுதேன். கோபமும் இருக்கிறது. இருபத்தொரு வருடம் அக்காவும் தங்கையும் சேர்ந்து மறைத்திருக்கிறீர்கள்.

முடிவு போன வாரமே வந்தது, பொருந்தியது. நாங்கள் பார்த்தது பாதிப் பாதியாக வரும் டிஎன்ஏவை இல்லை. தாய்வழியாக மட்டுமே வரும் சின்ன வளையம் ஒன்று செல்லுக்குள் தனியாக உண்டு. கூடப்பிறந்த அக்கா தங்கைக்கு அது ஒன்றேதான். உங்கள் எச்சிலையே அனுப்பியிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது.

விரிவுரையாளரிடம் குச்சி மாறிவிட்டதென்று சொன்னேன். வேறொன்று கொடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். சித்தி வீட்டுக்கு அப்புறம் இருவருமாகப் போவோம். முதலில் நீங்கள் வாயைத் திறங்கள், இந்தத் தடவை நானே தேய்த்து எடுக்கிறேன். உறையின்மேல் 'அம்மா' என்று எழுதப்போவதும் நான்தான்.

உங்கள் மகள்,
தினேஸ்வரி