யாரும் சாகாத ஒரு பயணம்

ஹாரிஸ்மித்,
மே 18, ஞாயிறு மதியம்.

அன்பு மகள் புலெங்குக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைக்காதே, யாரும் சாகவில்லை. நான் சுகமாக இருக்கிறேன், முட்டிவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது, பல் எல்லாம் இன்னும் சொந்தப் பல்தான். நீயும் அந்த அயர்லாந்து மழையில் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் எதற்குப் பேப்பரும் பேனாவும் என்று கேட்பாய். போன வாரம் போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. குரல் பதிவு அனுப்பினால் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் தோழி ரெஃபில்வே உளறிவிட்டாள், அந்த வேகத்தில் என் குரல் சண்டைக்கோழி கத்துகிற மாதிரி இருக்கிறதாம். அவள் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறாள், உங்கள் ஆஸ்பத்திரியிலேயே உன் கையில் இதைக் கொடுப்பாள். கடிதத்தை வேகமாக ஓடவிட முடியாது. உட்கார்ந்து படி.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை காலை நான் டர்பனுக்குப் போகிறேன், திங்கட்கிழமை திரும்புகிறேன். விடுமுறைக்குப் போகிறேன், அறுபத்தொரு வயதில் முதல் விடுமுறை. அந்தச் சனிக்கிழமை பார்த்து நம் அடக்கச் சங்கத்துத் தலைவி மாடிகெலெடி தன் புருஷனின் கல்லறைக்குக் கல் திறப்பு வைத்திருக்கிறாள். சங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சாவு வீட்டுச் சமையலுக்குப் பானை வைப்பவள் நான், தலைவி வீட்டு விசேஷத்துக்கே வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், பிறகு என் அடக்கத்துக்குச் சங்கம் வராது என்பது ஊருக்கே தெரியும். நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும். "நாலு நாள் கடலுக்காக இருபத்திரண்டு வருஷத்த தூக்கிப் போடுவியாம்மா? பேர வெட்டிட்டாங்கன்னா நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பாப்பா? நான் இங்கல்ல இருக்கேன்" என்றாய். சொல்லிவிட்டு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போனை வைத்துவிட்டாய். அதற்குப் பதில்தான் இது.

ஊர் முழுக்க என்னிடம் ஒரே கேள்விதான். டர்பனுக்குப் போகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள், "ஐயோ, யாரு போயிட்டாங்க?" என்கிறார்கள். கறிக்கடையில் கேட்டார்கள், சர்ச் வாசலில் கேட்டார்கள், டாக்ஸி ஸ்டாண்டில் இடம் பிடித்து வைக்கச் சொன்னபோது வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டான். "யாரும் போகல, நான்தான் போறேன்" என்றால் புரியவில்லை. ஒருத்தி என் கையைப் பிடித்து ஆறுதலாகத் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. டர்பனுக்கு நான் நான்கு தடவை போயிருக்கிறேன், நான்கும் அடக்கம். ப்ளூம்ஃபொன்டைன், சொவேட்டோ, லேடிஸ்மித், எந்த ஊரைக் கேட்டாலும் கல்லறைத் தோட்டத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்வேன், கடைவீதி எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பேன். கடலைப் பார்த்ததே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அடக்கம் முடிந்து திரும்பும்போது பஸ்காரன் கடற்கரையில் இருபது நிமிஷம் நிறுத்தினான். கறுப்பு உடையோடு முப்பது பெண்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினோம், கணுக்கால் நனைய நின்று, ஊரில் மருந்துக்குக் கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டில் பாட்டிலாகக் கடல் தண்ணீர் பிடித்தோம். நான் ஒன்பது பாட்டில் பிடித்தேன். குனிந்தவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டான். என் கடல் அவ்வளவுதான்.

ஆனால் டர்பன் மணல் எனக்கு நன்றாகத் தெரியும். ஜோஹானஸ்பர்க்காரர்கள் போகும்போதும் வரும்போதும் எங்கள் நெடுஞ்சாலைக் கடையில்தானே நிறுத்துகிறார்கள். போகும்போது வெளுத்த முகமும் அவசரமும், வரும்போது தோல் உரிந்த மூக்கும் மேசைக்கு அடியில் ஒரு கைப்பிடி மணலும். இருபத்தாறு வருஷமாக அந்த மணலைப் பெருக்கி அள்ளுகிறேன், எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தால் வீட்டுக்குப் பின்னால் எனக்கே ஒரு கடற்கரை இருந்திருக்கும். லீவு கேட்டுச் சூப்பர்வைசர் ஃபானியிடம் போய் நின்றேன். அவன் நல்ல பையன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்து, "யாரும்மா?" என்றான். யாருமில்லை, கடலுக்குப் போகிறேன் என்றேன். அவன் குரலைத் தாழ்த்தி, "ஒரு சித்தப்பான்னு எழுதிருவோம்மா, சட்டுனு கையெழுத்து ஆயிரும். கடலுன்னு எழுதினா மேல ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றான். என் சித்தப்பாக்கள் எல்லாரும் முறையாகச் செத்து முறையாக அடக்கமாகிவிட்டார்கள், என் குளியலுக்காக அவர்களை எழுப்பி இன்னொரு தடவை சாகடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில் கடல் என்றே எழுத வைத்தேன். மேலே கேள்வி கேட்டார்கள்தான். அதே பதிலைத்தான் சொன்னேன்.

ஒரே ஒருத்திதான் யார் செத்தது என்று கேட்கவில்லை. தங்குவதற்கு டர்பனில் ஓர் இடத்துக்குப் போன் போட்டேன், கடலுக்கு ஒரு தெரு பின்னால், மிசஸ் மூட்லி என்று ஓர் அம்மா நடத்துகிறார். எடுத்த எடுப்பில், "கடல் பாக்கற ரூமா, தெரு பாக்கற ரூமா?" என்றார். உனக்கு எது வேண்டும் என்று என்னை யாரும் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே நின்றேன். "லைன்ல இருக்கீங்களா?" என்றார். கடல் என்றேன். பிறகு பெயர் கேட்டார். நீ பிறந்த நாளிலிருந்து நான் மாபுலெங், புலெங்கின் அம்மா, வேறு பெயரில் யாரும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு என்னவோ டிம்போ என்று சொன்னேன், என் அப்பா வைத்த பெயரை. எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். அவர் இன்னொன்றும் கேட்டார், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி கூட்டத்துக் கதை. ரெஃபில்வேயின் அம்மா ஏதாவது கூட்டிக் குறைத்துச் சொல்லியிருப்பாள், என் வாயால் கேள். மாடிகெலெடி புருஷனின் கல் ஏழு மாதமாகக் கல் செதுக்குகிறவன் முற்றத்தில் கோழி ஏறி உட்காரக் கிடந்தது. நான் டர்பன் என்று சொன்ன அடுத்த வாரமே அதற்கு அவசரம் வந்துவிட்டது. போன ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தச் சனிக்கிழமை நான் இருக்க மாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். மாடிகெலெடி என்றால் கண்ணீரின் தாய் என்று அர்த்தம், இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணில் நான் ஒரு சொட்டுப் பார்த்ததில்லை. "செத்தவரு உன் வசதி பாத்து தேதிய மாத்திக்கணுமா?" என்றாள். "செத்தவருக்கு அவசரமில்லக்கா, எனக்குத்தான் முட்டி போய்க்கிட்டு இருக்கு" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது. "பொண்ணு வெள்ளக்காரன் ஊர்ல இருக்காங்கிற கொழுப்பு. நாளைக்கு நீ கண்ண மூடினா உன் பொண்ணா வந்து பானை வைப்பா?" என்றாள்.

நீ கேட்ட அதே கேள்வி. ஒன்று தலைவி கேட்கிறாள், ஒன்று நான் பெற்றவள் கேட்கிறாள். களி கிண்டுகிற என் துடுப்பை, விளிம்பு தேய்ந்துபோன அந்தப் பழைய துடுப்பைத்தான், அன்றைக்குக் கையோடு கொண்டு போயிருந்தேன். அதை மேசைமேல் வைத்தேன். "அன்னிக்கு நான் சாப்பிட வரப்போறதில்லக்கா, யாரு வச்சா எனக்கென்ன" என்றேன். செயலாளர் மாட்செபோ நோட்டைத் திறந்தாள், ரூலர் வைத்து என் பெயர்மேல் நேராக ஒரு கோடு போட்டாள். வலித்தது புலெங், மறைக்க மாட்டேன். எத்தனை பேருக்கு மூன்று கால் பானையில் களி கிண்டியிருக்கிறேன், எத்தனை மழையில் எத்தனை கூடாரத்தில். ஆனால் வெளியே வந்து நடந்தபோது கை இரண்டும் வெறுமையாக, லேசாக இருந்தது. வீடு வரை வீசிக்கொண்டே வந்தேன்.

கதை அதோடு முடியவில்லை. வியாழக்கிழமை மாட்செபோ ஒரு பானை மூடியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் மாதிரி வந்தாள், அது என் மூடியே இல்லை. போகும்போது பையிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்து வைத்தாள், கழுவி, லேபிளைச் சுரண்டி எடுத்தது. யாருக்கு என்றேன். "பேரு சொல்லக் கூடாதுன்னாங்க, முட்டி வலியாம், கடத்தண்ணி வேணுமாம்" என்றாள். அந்தக் கண்ணாடிக்காரியின் முட்டி எனக்குத் தெரியாதா. இதுவரை பதினொரு பாட்டில் வாசலுக்கு வந்தது, பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆனால் அது திங்கட்கிழமை காலையின் கடைசி வேலை. முதலில் நான் கழுத்து வரை நனைய வேண்டும்.

நீ எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்கிறவள், அதனால் என் திட்டத்தையும் கேட்டுக்கொள். வெள்ளிக்கிழமை கடல், வேறு எதுவும் இல்லை. இங்கே ஜூன் மாதம் குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும்போது அங்கே வெயிலில் உட்காரலாமாம். போர்வையைக் கொண்டு போகிறேன், மணலில் விரித்துப் படுப்பதற்கு. சனிக்கிழமை, அவர்கள் கல்லின்மேல் போர்த்திய துணியை இழுக்கும் நேரத்தில், நான் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவார்களே, அதை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருப்பேன், யாரோ கிண்டிய குழம்பு, யாரோ கழுவப்போகிற தட்டு. ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் ஒரு படகு சுற்றிக் காட்டுகிறதாம், அதில் ஏறுவேன். அவ்வளவு தூரம் போகிறாயே, அங்கே போ, இங்கே போ என்று ஆளாளுக்கு இடம் சொல்கிறார்கள். முடியாது. ஒரே ஊர், ஒரே அறை, மூட்டையை அவிழ்த்தால் திங்கட்கிழமைதான் கட்டுவேன். இத்தனை வருஷம் பஸ் ஜன்னலில் பார்த்த ஊர்கள் போதும். நீச்சல் உடையும் வாங்கிவிட்டேன், சிரிக்காதே. கடைப் பெண் கறுப்பை எடுத்து நீட்டி, "உங்க வயசுக்கு இதுதான் அடக்கமா இருக்கும்மா" என்றாள். கறுப்பு என்னிடம் அலமாரி நிறைய இருக்கிறது என்று சொல்லிச் சிவப்பை எடுத்துக்கொண்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். என் சாவுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது என்று நீ நிம்மதியாக இருந்தாய், அதை நான் கெடுத்துவிட்டேன், அதுதானே உன் கோபம். நீ அங்கே போன ஒன்பது வருஷத்தில் மூன்று தடவை வந்தாய். உன் அப்பா போனபோது வந்தாய், தாய்மாமன் போனபோது வந்தாய், அத்தை போனபோது வந்தாய். மூன்று தடவையும் கறுப்பு உடையில் வந்து திங்கட்கிழமை போய்விட்டாய். நீ வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாய், நான் பானைக்குப் பின்னால் புகையில் நின்றேன். அந்த மூன்று தடவையும் நாம் பேசியதை எண்ணிப் பார்த்தேன், உப்புப் போதுமா, தட்டுப் போதுமா, வண்டி வந்துவிட்டதா. இந்தக் கணக்குப்படி அடுத்த தடவை நீ வருவது எனக்காகத்தான், அப்போது நாற்காலி போடும் உன்னை நான் பார்க்க முடியாது. எனக்கு அது வேண்டாம் புலெங். என்னை யார் அடக்கம் செய்தால் என்ன, நகராட்சிக்காரன் செய்துவிட்டுப் போகட்டும். என்னை உயிரோடு பார்க்க யார் வருவார்கள் என்று சங்கத்திலும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. மிசஸ் மூட்லி கேட்ட இன்னொரு கேள்வி இதுதான், "ஒரு கட்டிலா, ரெண்டு கட்டிலா?" நான் யோசிக்கவே இல்லை, இரண்டு என்றேன்.

ஆண்டவர் உன் காலடியைக் காக்கட்டும், உன் கையில் வரும் நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், உனக்கு வயிறு நிறையச் சாப்பாடும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும். ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்கு. லீவு கேட்கும்போது அங்கேயும் யார் இறந்தது என்று கேட்பார்கள், நீ மூன்று தடவையும் அதற்குத்தானே லீவு எடுத்தாய். யாரும் சாகவில்லை என்று சொல். என் அம்மா உயிரோடு இருக்கிறாள், அதற்காகப் போகிறேன் என்று சொல். காரணம் எழுதும் கட்டத்தில் அப்படியே எழுதச் சொல்.

கறுப்பு உடை எதுவும் கொண்டு வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா மாபுலெங்,
டர்பனில் டிம்போ.