பனிக்கால ட்ராம் பற்றி விசாரித்து அறிந்தவை

டோர்செட் பார்க்,
ரொறன்ரோ.
19.10.1997, ஞாயிறு

அன்பு மகள் பிரதீபாவுக்கு,

பிள்ளையார் துணையால் நானும் அம்மாவும் சுகம். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து நீயும் நேரத்துக்கு உண்டு உறங்கி வியன்னாவில் நலமாயிருக்க வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் நோ 11ஆம் திகதியிலிருந்து குறைவு.

இசைக்குழுவில் வாசிக்கும் நெனாட்டை மணக்க விரும்புவதாக 06.04.1996 அன்று எழுதினாய். பாட்டுக்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று 09.05.1996 அன்று மறுத்தேன். அன்றிலிருந்து என் சம்மதத்துக்காக இருவரும் காத்திருக்கிறீர்கள். விசாரிக்காமலே மறுத்தது முறையன்று. மாப்பிள்ளையைப் பற்றி அவன் ஊரவரிடம் விசாரிப்பதல்லவா நம் வழக்கம். நம் கட்டடத்தைப் பராமரிக்கும் ஸ்லாட்கோவும் நெனாட்டைப்போல் சரயேவோக்காரர் என்பது சென்ற மாதந்தான் தெரியவந்தது. 05.10.1997 அன்று கொப்பியும் பேனாவுமாகச் சென்று, நெனாட்டின் தகப்பன் யார், சகோதரர் எத்தனை பேர், போர் தொடங்கியபோது எங்கிருந்தான் என்று வரிசையாகக் கேட்டேன். மனிதர் வெளிறிப்போய், தமக்கு ஒருவரையும் தெரியாது என்று கதவைச் சாத்திவிட்டார். "கொப்பியோட போய் உப்பிடிக் கேட்டால், நாங்களெண்டாலும் ஆமிக்காரன் எண்டுதானே பயப்பிடுவம்" என்று அம்மா சிரித்தாள். மறுநாள் அவளே உழுந்து வடையுடன் போய், மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம் என்றாள். அதன்பின் அவர் பேச்சை நிறுத்தவே முடியவில்லை.

நெனாட்டின் 'பனிக்கால ட்ராம்' குழு தொடங்கியது நீ எழுதியதுபோல் 1983இல் அல்ல, 03.03.1984இல், நான்கு மாணவர், ஒரு பள்ளி மண்டபத்தில். 1985இல் முதல் இசைத்தட்டு. அதிலுள்ள பாட்டுக் கேளாத வீடு சரயேவோவில் இல்லையாம். 1988இல் விளையாட்டரங்கு நிரம்பி வழிய, உள்ளே இடமில்லாத சனம் தெருவில் நின்று கூடவே பாடியதாம்; ஸ்லாட்கோவும் மனைவியும் அத்தெருவில் நின்றவர்கள். 1992இல் போர். பாடகன் முற்றுகையிட்ட நகருக்குள் அகப்பட, மற்ற மூவரும் வியன்னா சேர்ந்தனர். வேறொரு பாடகனைச் சேர்த்தால் உடனே இசைத்தட்டு வெளியிடலாம் என்று ஒரு கம்பனி கேட்டதாம். மூவரும் மறுத்துவிட்டார்கள். பழைய பாடகன் வந்து சேரும்வரை நான்கு வருடம் நெனாட் உணவகத்தில் கோப்பை கழுவினான். 14.09.1996 அன்றுதான் நால்வரும் மறுபடி மேடையேறினார்கள். கோப்பை கழுவியதை நீ எனக்கு எழுதவில்லை. அப்பா இன்னும் கோபிப்பார் என்று அஞ்சியிருப்பாய். தபாலதிபராயிருந்த நான் 1987இல் இங்கு வந்து செய்த முதல் வேலையும் அதுதானே, மகளே. அவர்களுடைய கசற்றையும் கேட்டேன். சத்தம் அதிகம், மூன்றாவது பாட்டுப் பரவாயில்லை. அம்மா அதைத் தினமும் போடுகிறாள்.

எனக்குப் பூரண சம்மதம். அவன் பிறந்த திகதி, நேரம், இடம் மூன்றையும் தவறாமல் அனுப்பு. பொருத்தம் பார்க்க அல்ல, நாள் வைக்க. உங்கள் இருவரையும் பிள்ளையார் காக்கட்டும். சென்ற கடிதத்தில் வே. ஜெயரட்ணம் என்று முழுப்பெயர் எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன். அதைப் பார்த்து நீ அழுததாக அம்மா சொன்னாள். கடிதங்களைத் திகதிவாரியாக அடுக்கி வைக்கும்படி உனக்குப் பழக்கியவன் நானே. அந்த ஒன்றை மட்டும் கிழித்துவிடு.

என்றும் உன்,
அப்பா