ஆட்டையெல்லாம் அவிழ்த்துவிட்டாயா?

அன்பு மகளுக்கு,

நேற்று போனில், உன் ஊர்ப்பக்கம் காட்டுத்தீ என்றதும், "ஆட்டையெல்லாம் அவுத்து விட்டியா தாயி?" என்று கேட்டுவிட்டேன். கலிபோர்னியாவில் உனக்கு ஏது ஆடு! சாந்தன்பாறை மலையில் தீப்பிடித்தால் எஸ்டேட்டில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தானே, வாய் பழகிவிட்டது. பக்கத்து லயத்து வீட்டுக்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

உன் அம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பெரிய காட்டுத்தீ அமெரிக்காவில் சமீபத்தில் வந்ததில்லை என்று செய்தியில் சொன்னதிலிருந்து டிவி முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். புகை அங்கே, கண் எரிச்சல் எங்களுக்கு.

நீயும் சிரித்துவிட்டுத்தான் சொன்னாய்: "இங்க ஆடு இல்லப்பா, நடக்க முடியாத தாத்தா பாட்டிங்கதான். இந்த முதியோர் இல்லத்துல இருக்கிற எல்லாரையும் வண்டியில ஏத்திட்டுத்தான் நர்சுங்க நாங்க கெளம்புவோம்."

"அதான் சரி தாயி, ஒருத்தரையும் விட்டுறாத" என்றேன். சுற்றி அத்தனை பேர் நிற்கும்போது பெருமையாகத்தானே பேச வேண்டியிருக்கிறது.

அதன் பிறகு உன் போன் கிடைக்கவேயில்லை. அழுத்தி அழுத்தி என் விரல் ஓய்ந்துவிட்டது. இதை எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். சிக்னல் வந்ததும் பார்.

நேற்று வாய்வரை வந்து நான் விழுங்கியது இதுதான்: யாரையும் பார்க்காதே, நீ முதலில் ஓடு.

உன் அப்பா