முற்றத்தில் நட்ட கல்

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் பேசினால் இருவரும் கத்துவோம். அதனால் எழுதுகிறேன்.

நம் அம்பூரி மலைக்குச் சாலை வரைபடம் போடும் இன்ஜினியர் நான்தான் என்றதும் சந்தோஷப்பட்டீர்கள். வளைவு நம் முற்றத்தில் விழுகிறது என்றதும், "பழைய வழியில நேரா மேல கொண்டு போ, ஜீப்பு ஏறுதுல்லா?" என்றீர்கள். வெயிலில் ஏறும். மழையில் எந்த வண்டியும் ஏறாது, அத்தான். சரிவைக் குறைக்க வளைந்துதான் ஏற வேண்டும். வண்டி திரும்பும் அளவுக்குச் சமதளம் இங்கே நம் முற்றம் மட்டும்தான்.

நிலம் கேட்டு வீடு வீடாகப் போனேன். மேல்வீட்டு சுகுமாரன் அண்ணன், "மொதல்ல ஒனக்க முத்தத்துல கல்லு நடு மக்கா, பொறவு நான் தாறேன்" என்றார். சாலை போகும் இடத்தைக் குறிக்கும் கல்லை அன்றைக்கே நட்டேன், நீங்கள் ஆசையாக வைத்த மாதுளைக்குப் பக்கத்தில். மறுநாள், சாலைக்காக வெட்ட வேண்டிய தன் ரப்பர் மரங்களில் அவரே சுண்ணாம்பால் அடையாளம் பூசிவிட்டார்.

நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது. சம்மதக் கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும் வரைபடத்தில் போட்ட சாலைக் கோட்டை நான் மாற்ற மாட்டேன்.

உங்கள் அப்பாவின் அடக்கத்துக்கு அங்கிருந்து உங்களால் வர முடியவில்லை. அவர் இறந்த அன்று நடந்ததை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாத அந்தக் கொட்டும் மழையில், அவரை உட்காரவைத்து, மூங்கிலில் கட்டி, ஆஸ்பத்திரிக்கென்று தூக்கி இறக்கிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கயிறு இன்னும் அதன் கையிலேயே இருக்கிறது. நம் முற்றத்தில் ஆம்புலன்ஸ் திரும்புகிற அன்றுதான் அவிழ்ப்பேன்.

அன்போடும் பிடிவாதத்தோடும்,
உங்கள் வீட்டுக்காரி